கடைவாசலில் இச்சையடக்கம்



இந்த மாதம் ஆவியின் கனிகளில் கடைசியாகச் சொல்லப்பட்டிருக்கிற இச்சையடக்கத்தைப்பற்றி எழுத ஏவப்பட்டேன். அதற்குக் காரணம் ஒரு வாலிபச் சகோதரன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்: "பாஸ்டர், கடையே இல்லாத ஊர்ல ஒருத்தன் குடிக்காம இருந்தா அதுல என்ன பரிசுத்தம் இருக்கு? கடைவாசல்ல குடியிருக்கிற நம்ம ஆளு ஒருத்தன் விழுந்துட்டா, அதுல அவன் குத்தம் எவ்வளவு, கடையோட குத்தம் எவ்வளவு?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை என்று எனக்குத் தோன்றியது.

கீழவாஞ்சூரில் இருக்கிறவனுக்கு இது அன்றாடக் கேள்வி. தெற்கே நாகூர், அது தமிழ்நாடு. இந்தப் பக்கம் திருமலைராயன்பட்டினம் கொம்யூன், புதுச்சேரி அரசு. நடுவிலே ஒரு சோதனைச்சாவடி. வரி வித்தியாசத்தினாலே இந்தப் பக்கம் பாட்டில் விலை குறைவு. அதனால் எல்லையை ஒட்டியே கடைகள். சாயங்காலம் ஆனால் நாகூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பைக்குகள் வரிசையாக வருகிறதை நாம் தினமும் பார்க்கிறோம். 2009-இல் துறைமுகம் ஓட ஆரம்பித்த பிறகு லாரிகளும் சேர்ந்துகொண்டன. "வாஞ்சூர்" என்று சொன்னாலே வெளியூர்க்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. நம் பிள்ளைகள் அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டுதான் காலேஜுக்குப் போகிறார்கள்.

இது நேற்று வந்த கதையும் இல்லை. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில். 1954 வரைக்கும் அப்படித்தான். அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் இல்லை. பிறகு தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974-இல் திரும்பவும் வந்தது, 1981-இல் மறுபடியும் போனது. 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் மூலமாகச் சில்லறைக் கடை நடத்துகிறது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை 500 மீட்டர் தள்ளச் சொன்னது. சின்ன ஊர்களுக்கு அதைப் பிறகு 220 மீட்டராகக் குறைத்தது. கடை நகர்ந்தது. குடிக்கிறவனும் கடையோடு கூடவே நகர்ந்தான்.

நான் மதுவிலக்குக்கு விரோதமாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிறனுக்கு ஊற்றிக் கொடுத்து அவனை வெறிக்கச் செய்கிறவனுக்கு ஐயோ என்று ஆபகூக் தீர்க்கதரிசி எழுதியிருக்கிறார். கடையின் பாவம் கடையின் கணக்கில் இருக்கிறது, அதைக் கர்த்தர் கேட்பார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை வேண்டாம் என்று மனு எழுதினால் நான் முதல் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நம் இருதயத்தின் கணக்கைக் கடைக்காரன் பேரேட்டில் எழுதமுடியாது. நான் சொல்லவருவது இவ்வளவுதான்.

இதற்கு ஒரு பெரிய சோதனையை நாமே கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கில் எல்லாக் கடையும் அடைபட்டது. புதுச்சேரி பகுதியில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரு கடையும் திறக்கவில்லை. ஒரு வீட்டுச் சகோதரி என்னிடம் சொன்னார்கள்: "பாஸ்டர், கல்யாணம் ஆகி இப்பத்தான் மொதமொதல்ல என் புருஷனோட முகத்த தெளிவாப் பாக்குறேன்." அந்த வார்த்தையைக் கேட்டு நான் ஆண்டவரைத் துதித்தேன். மே 25-ந் தேதி கடைகள் திறந்தன. தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக இருக்கும்படி விசேஷ வரியும் போட்டிருந்தார்கள். இருந்தும் அந்த மனுஷன் காலையிலேயே வரிசையில் நின்றார். இரண்டு மாதம் ஒரு சொட்டு இல்லாமல் இருந்தவர்! உடம்புக்கு வேண்டியிருந்தது என்று சொல்ல முடியாது; உடம்பு அதற்குள் பழகிவிட்டிருந்தது. அப்படியானால் அந்த இரண்டு மாதமும் அவருக்குள் இருந்தது என்ன? அடைத்த கதவு இருந்தது, அவ்வளவுதான். கதவு வெளியே இருந்தது.

மத்தேயு 12-ம் அதிகாரத்தில் இயேசு சுவாமி ஒரு வீட்டைப்பற்றிச் சொன்னார். அசுத்த ஆவி புறப்பட்டுப்போன வீடு. பெருக்கியாச்சு, ஜோடித்தாச்சு, எல்லாம் சுத்தம். ஒரே ஒரு குறை, அது வெறுமையாக இருந்தது. போனது தன்னைவிடப் பொல்லாத ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. நம்மில் அநேகர் இச்சையடக்கம் என்றால் வீட்டைக் காலி பண்ணுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். குடியை விடு, சினிமாவை விடு, பீடியை விடு, சீரியலை விடு. விட்ட இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று கேட்பாரில்லை. குடியை விட்ட ஒரு சகோதரர் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் என்ன செய்வார்? நாலு சிநேகிதர், ஒரு சிரிப்பு, ஒரு மறதி, இதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு வெறும் திண்ணையைக் கொடுத்தால் எத்தனை நாள் உட்காருவார்?

எபேசியர் 5-ம் அதிகாரத்தில் பவுல் மதுவெறியையும் ஆவியின் நிறைவையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். ஒன்றை வேண்டாம் என்கிறவர் மற்றதை நிரப்பிக்கொள்ளச் சொல்கிறார். பெந்தெகொஸ்தே நாளில் மேல்வீட்டில் இருந்தவர்களைப் பார்த்து ஜனங்கள் குடித்திருக்கிறார்கள் என்று பரிகாசம் பண்ணினார்கள். பேதுரு எழுந்து, பொழுது விடிந்து மூன்றாம் மணிநேரந்தானே ஆகிறது என்றார். நம் கணக்கில் காலை ஒன்பது மணி. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த உலகத்துக்கு அதைவிட நல்ல பெயர் தெரியவில்லை! இப்போது நம் சபையைப் பார்த்து யாராவது அப்படி நினைப்பார்களா? சில ஞாயிற்றுக்கிழமைகளில் நம் முகங்களைப் பார்த்தால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

கடற்கரையில் இருக்கிற நமக்கு இதை விளங்கவைக்கக் கடலே ஒரு பாடம் வைத்திருக்கிறது. வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001-இல் தமிழ்நாட்டுக் கரையில் ஆரம்பித்தபோது 45 நாள். 2017-இல் 61 நாளாக்கினார்கள். விசைப்படகுகள் எல்லாம் கட்டியிருக்கும். அந்தச் சமயத்தில் வலை பின்னுகிறார்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். கடலின்மேல் வெறுப்பு வந்தா கட்டிப்போட்டார்கள்? மீன் முட்டையிடுகிற காலம், அது பெருகட்டும் என்றுதான். அடக்குகிறது நாளைக்குக் கிடைக்கப்போகிறதற்காக. இதை நம் மீனவ சகோதரர்களுக்கு யாரும் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. சும்மா கிடக்கிற படகுக்கும் காத்திருக்கிற படகுக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் தடைக்காலம் சட்டத்தால் வருகிறது. மீறினால் அதிகாரி வருவார், மானியம் நிற்கும். கனி அப்படி வருகிறதில்லை. தீத்து நிருபம் 2-ம் அதிகாரத்தில் நமக்குப் போதிக்கிறது யார் என்று பவுல் எழுதும்போது கிருபை என்று எழுதுகிறார். இது எனக்கு வேதாகமக் கல்லூரியில் படிக்கும்போதே ஆச்சரியமாக இருந்தது. அவபக்தியையும் லௌகிக இச்சையையும் வெறுத்துத் தெளிந்த புத்தியோடு ஜீவிக்க நியாயப்பிரமாணம் போதிக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? பிரம்பு வைத்திருக்கிற வாத்தியார் அதுதானே? பவுலோ கிருபையை வாத்தியாராக உட்காரவைக்கிறார். சிலுவையில் எனக்காக ஒருவர் செத்தார் என்பதை ஒருவன் மெய்யாகவே கண்டுகொண்டால், அவன் பாட்டிலைப் பார்க்கிற பார்வை மாறுகிறது. அன்பில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவன் ஆறுமாதம் நிற்பான், அதோடு வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுவான். குடிக்காத கொடுமைக்காரனைவிடக் குடித்தவனே தேவலை என்று மனைவிமார் சொல்லும்படி ஆகிவிடும்.

இச்சையடக்கம் என்று நம் வேதத்தில் இருக்கிற சொல்லுக்கு மூலபாஷையாகிய கிரேக்கில் "என்கிராத்தெயா" என்று இருக்கிறது. "என்" என்றால் உள்ளே, "கிராத்தோஸ்" என்றால் வல்லமை. உள்ளே இருக்கிற பிடிமானம் என்று சொல்லலாம். கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் இதைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார். ஆசையோடு போராடி ஜெயிக்கிறவன் ஒரு படி. ஆசையே ஒழுங்குக்கு வந்து, போராட்டமில்லாமல் நன்மை செய்கிறவன் அதற்கு மேல் படி. அறிவுள்ள பேச்சுதான். ஆனால் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு மனுஷன் பழக்கத்தினாலே ஏறிவிடலாம் என்றார். நம் அனுபவம் என்ன சொல்லுகிறது? பழக்கம் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் பிடிமானம் நழுவினவனுக்கு அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளப் பலம் எங்கேயிருந்து வரும்? அந்த இடத்தில்தான் ஆவியின் கனி என்று பவுல் பெயர் வைத்தார். கை உன்னுடையது, பலம் அவருடையது.

இங்கே ஒரு தப்பான போதனையைச் சொல்லியே ஆகவேண்டும். சாட்சி நேரத்தில் "குடிப்பிசாசு என்னைப் பிடிச்சு ஆட்டிச்சு, கோபப்பிசாசு என்னை அடிக்கவெச்சது" என்று நாம் தாராளமாகச் சொல்லுகிறோம். பிசாசு உண்டு, நான் அதை நம்புகிற பெந்தெகொஸ்தேக்காரன்தான். ஆனால் யாக்கோபு முதல் அதிகாரத்தில் ஒவ்வொருவனும் தன்தன் சொந்த இச்சையினாலேயே இழுக்கப்படுகிறான் என்றல்லவா எழுதுகிறார்? சொந்த இச்சைக்குப் பிசாசு என்று பெயர் வைத்துவிட்டால் மனந்திரும்ப யார் இருக்கிறார்கள்? துரத்தவேண்டியதைத் துரத்துவோம். அறையவேண்டியது மாம்சமாக இருந்தால் அதைச் சிலுவையில்தான் அறையவேண்டும். மாம்சத்தைத் துரத்தமுடியாது, அது வாசலுக்கு வெளியே போகாது.

அப்போஸ்தலர் 24-ம் அதிகாரத்தை ஒரு தரம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். பேலிக்ஸ் யூதேயாவின் தேசாதிபதி. முன்னே அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன் என்று ரோம சரித்திரம் சொல்லுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் துருசில்லாள். எமேசா ராஜாவின் மனைவியாயிருந்தவளை இவன் ஆசைகாட்டிப் பிரித்துக் கொண்டுவந்தான் என்று யோசேப்பு என்கிற யூத சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு பேர் முன்னிலையில் ஒரு கைதி நிற்கிறான். நியாயமாகப் பார்த்தால் அவன் என்ன பேசவேண்டும்? தன் வழக்கைப் பேசவேண்டும். பவுலோ நீதியையும் இச்சையடக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் பேசினார்! பேலிக்ஸ் பயந்தான். பயந்தவன் என்ன செய்தான்? இப்போ போ, நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான், எதற்கு? பணம் கிடைக்குமா என்று. இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

அந்த மண்டபத்தில் யார் அடிமை, யார் சுயாதீனன்? பட்டாளம் எல்லாம் பேலிக்ஸ் சொன்னால் நிற்கும், சொன்னால் நடக்கும். தன் கண்ணை நிறுத்தமுடியவில்லை, தன் கையை நிறுத்தமுடியவில்லை. அடிமைச் சீட்டைக் கிழித்துப் போட்டுத் தேசாதிபதி ஆக்கினார்கள். உள்ளே இருந்த அடிமை அப்படியே இருந்தான். சங்கிலி போட்டிருந்த பவுலுக்கு லஞ்சம் கொடுத்து வெளியே வர ஆசை இருந்திருக்காதா? அவர் கொடுக்கவில்லை. அவன் பயந்ததைப்பற்றியும் நான் யோசிக்கிறேன். கன்வென்ஷன் பந்தலில் அழுகிறோம், நடுங்குகிறோம், முன்னால் ஓடிவருகிறோம். பேலிக்ஸும் நடுங்கினவன்தான். நடுக்கத்தைக் கனி என்று எண்ணிவிடக்கூடாது.

நம் கூட்டத்தாருக்கு இது கொஞ்சம் கசக்கும். அந்நியபாஷை பேசுகிறோம், தரிசனம் சொல்லுகிறோம், வியாதியஸ்தர்மேல் கைவைக்கிறோம். கர்த்தருக்கு மகிமை. கொரிந்து சபையும் அப்படித்தான் இருந்தது. ஒரு வரத்திலும் குறைவில்லாத சபை என்று பவுலே சர்டிபிகேட் கொடுத்தார். அதே நிருபம் 11-ம் அதிகாரத்தில், அந்தச் சபையிலே கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் வெறித்திருந்தான் என்றும் எழுதினார்! வரம் ஒரே ராத்திரியில் வந்துவிடும். கனி அப்படியா? நெட்டைத் தென்னை வைத்தால் காய் பார்க்க ஆறேழு வருஷம் ஆகிறது. நாலாம் வருஷத்தில் வந்து "காய் எங்கே?" என்று மரத்தை உதைக்கிறவனை என்ன சொல்லுவோம்?

ஆகவே விடுதலை பெற்ற சகோதரர் ஒருவர் எட்டாம் மாதத்தில் விழுந்துவிட்டால், "அவர் அபிஷேகமே பொய்" என்று தெருவில் பேசாதீர்கள். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24-ல் இருக்கிறது. விழுந்தவரும் அதையே சாக்காக வைத்து எட்டாந்தரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பேதுரு இரண்டாம் நிருபத்தில் விசுவாசத்தோடே தைரியம், அதோடே ஞானம், அதோடே இச்சையடக்கம், அதோடே பொறுமை என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகிறார், பாருங்கள். ஞானத்துக்கும் பொறுமைக்கும் நடுவிலே அதை வைத்திருக்கிறார். புத்தியில்லாத வைராக்கியமும் நிற்காது, அவசரமும் நிற்காது.

ஞானம் என்றால் என்ன? ஓடவேண்டிய இடத்தில் ஓடுவது ஒரு ஞானம். யோசேப்பு போத்திபாரின் வீட்டில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினான். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்கிற மனோதத்துவ நிபுணர் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, "நான் வருகிறவரைக்கும் சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவாராம். காத்திருக்க முடிந்த பிள்ளைகள் மிட்டாயை முறைத்துப் பார்த்து ஜெயித்தவர்கள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். யோபு தன் கண்களோடே உடன்படிக்கை பண்ணினது நினைவுக்கு வருகிறதா? "எனக்கு ஒண்ணும் ஆகாது பாஸ்டர், சும்மா கூட உட்கார்ந்து சோடா குடிச்சிட்டு வருவேன்" என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுகிறேன்.

ஓடமுடியாத இடமும் உண்டு. அதற்கு எரேமியா 35. ரேகாபியர் கூடாரங்களில் குடியிருந்தவர்கள். நேபுகாத்நேச்சாரின் படைக்குப் பயந்து எருசலேம் பட்டணத்துக்குள் வந்தார்கள். கடை இல்லாத வனாந்தரத்திலிருந்து கடைவீதிக்கு வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்து அறைக்கு அவர்களை அழைத்துப்போய்த் திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் முன்னே வைத்து, குடியுங்கள் என்று சொன்னது யார்? தீர்க்கதரிசியே! அவர்கள் குடிக்கவில்லை. எங்கள் தகப்பனாகிய யோனதாப் சொல்லியிருக்கிறார் என்றார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை, காவல் இல்லை, விலையும் இல்லை, கேட்கிறவரோ தேவமனுஷன். ஆனாலும் தகப்பன் வார்த்தை கிண்ணத்தைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. வாலிபச் சகோதரன் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது என்று எண்ணுகிறேன். வனாந்தரத்தில் அவர்கள் குடிக்காமல் இருந்தது பொய்யில்லை. கிண்ணம் முன்னால் வந்தபோது அது என்னவென்று வெளியே தெரிந்தது. கடையில்லாத ஊர்க்காரனை நாம் நியாயந்தீர்க்க வேண்டாம், அவன் உள்ளத்தைத் தேவன் அறிவார். கீழவாஞ்சூர்க்காரனுக்கோ நாள்தோறும் கிண்ணம் வைக்கப்படுகிறது.

இதுவரைக்கும் குடியைப்பற்றியே எழுதினதால் தலையை ஆட்டி ஆட்டி வாசித்த சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நாவுக்கும் எல்லை உண்டு. அடுத்த வீட்டுக்காரி வளையல் வாங்கினாள் என்று குழுக்கடன் எடுக்கிறதும் இச்சைதான். ராத்திரி பன்னிரண்டு மணிவரைக்கும் செல்போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறதற்கு ஆண், பெண், ஊழியக்காரன் என்ற பேதமில்லை. தன் ஆவியை அடக்காதவன் மதில் இடிந்த பட்டணத்துக்குச் சமம் என்று நீதிமொழிகள் சொல்லுகிறது. மதில் எந்தப் பக்கம் இடிந்திருந்தால் என்ன, சத்துரு உள்ளே வர ஒரு பக்கம் போதும்.

பண விஷயத்தில் நம் டெல்டாவிலேயே வாழ்ந்த ஒருவரைச் சொல்லுகிறேன். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து பிற்பாடு தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயர். 1779-இல் சென்னை கவர்னர் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து 300 ரூபாய்! இவர் அதைக் கொண்டுவந்து கவர்மெண்டிடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்கிக்கொள்ளாதபோது, தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாக வைத்தார். பிற்பாடு யுத்தத்தில் தஞ்சாவூர்ச் சீமை பஞ்சத்தில் வாடினபோது, ராஜாவின் பேச்சை நம்பாத விவசாயிகள் இவர் வாக்கை நம்பி நெல் கொடுத்தார்கள். 300 ரூபாயில் கைவைக்காதவன் நெல்லிலும் கைவைக்கமாட்டான் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒரு அற்புதமும் செய்ததாக நான் வாசிக்கவில்லை.

இன்னொரு காரியம், இது அவசரம். பலவருஷம் தினமும் குடித்தவர் ஒருவர் கூட்டத்தில் தொடப்பட்டு அன்றைக்கே நிறுத்திவிட்டால் சந்தோஷப்படுகிறோம். ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் சிலருக்குக் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு வரும்; இல்லாத ஆளைப் பார்ப்பார்கள், இல்லாத சத்தத்தைக் கேட்பார்கள். இதைப் பிசாசு என்று எண்ணி அறையில் பூட்டிவைத்து ராமுழுக்க ஜெபிக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது உடம்பு மதுவைக் கேட்டுத் துடிப்பது; உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே காரைக்கால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், ஜெபத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் பண்ணுவோம். லூக்கா ஒரு வைத்தியர் என்று பவுல் எழுதியிருக்கிறாரே! மனசு உடைந்துபோனவர்கள் பேச அரசாங்கத்தின் 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணும் இருக்கிறது. குடியை விட்டதும் மலிவான சாராயத்துக்குத் தாவுகிறவர்களும் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்ததைக் குடித்து எத்தனை வீடு இருண்டது! கள்ளக்குறிச்சியில் மாத்திரம் 60 பேருக்கு மேல். அதில் நம்மைப்போல உழைத்துச் சாப்பிடுகிறவர்களே அதிகம்.

1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் குடியால் கெட்டுப்போன இரண்டு பேர், ஒருவர் பங்குவியாபாரம் பார்த்தவர், ஒருவர் டாக்டர், உட்கார்ந்து பேசினதிலிருந்துதான் ஏ.ஏ. என்கிற கூட்டம் உண்டாயிற்று. இன்றைக்கு ஒரு நாள் மாத்திரம் குடிக்காமலிருப்பேன் என்பது அவர்கள் வழி. தனியாக இருந்தால் விழுவோம், இரண்டு பேராக இருந்தால் ஒருவன் மற்றவனைத் தூக்குவான் என்கிறதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பிரசங்கி 4-ம் அதிகாரத்தில் நாம் இதைச் சும்மாவே வைத்திருக்கிறோம்.

நம் சபையில் நான்கு சகோதரர்கள் இப்போது இந்தப் போராட்டத்தில் இருக்கிறார்கள். பேர் எழுதமாட்டேன். சனிக்கிழமைதான் அவர்களுக்குக் கஷ்டமான நாள். கூலி கையில் வருகிறது, வீட்டுக்குப் போகிற வழியிலேயே கடை இருக்கிறது. போன மூன்று வாரமாக இரண்டு சகோதரர்கள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய் அவர்களோடு கூடவே நடந்து வருகிறார்கள். ஜெபம்கூடச் சத்தமாகப் பண்ணுகிறதில்லை, மீன் விலையும் பிள்ளைகள் படிப்பும் பேசிக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருகிறார்கள். நான்கு பேருக்கு இரண்டு பேர் போதவில்லை. கூட நடக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். சைக்கிள் உள்ளவர்களாக இருந்தால் நல்லது. மனதுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பேர் கொடுங்கள்.